கற்பூரத்தை முந்திய பெட்ரோல் வாடை

எங்கள் பழைய இத்தாலியக் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. செய்யூரில் வீட்டு வாசலிலேயே அதன் பெட்ரோல் ஃபில்டரை நானே மாற்றினேன். அன்றிலிருந்து காருக்குள் லேசான பெட்ரோல் வாடை. வாடை அடிக்கிறதென்று என் மனைவி இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று அவள் வாயை அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாமல்லபுரம் கிளம்பினோம். பிள்ளைகள் இருவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இஞ்சினை ஓடவிட்டு, காருக்குக் கற்பூரம் காட்டத் தீக்குச்சியை எடுத்தேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னாங்க பண்றீங்க? அடியில பாருங்க, சொட்டிகினு கீது!"

மண்ணெல்லாம் பெட்ரோல். இஞ்சினை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்து இறக்கினேன்.

மெக்கானிக் வந்து பார்த்தார். "ஃபில்டரை மாத்திட்டு பழைய டியூப்ப வுட்டுட்டியே அண்ணாத்த. அது வெடிப்பு வுட்டு ஒழுவுது."

இப்போது எதைக் கழற்றி மாட்டினாலும் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மனைவி வாடை வருகிறது என்றால், சாவியை அவளிடமே கொடுத்துவிடுகிறேன்; அவள் சரி என்ற பிறகுதான் வண்டி கிளம்பும்.