கையுறை போட்டுத் தொட்ட துவக்கு

கதிர்காமநாதன் ஜேர்மன் அரசாங்கத்துக்குச் சொன்ன எத்தனையோ வசனங்களில் அது மறுகேள்வி இல்லாமல் நம்பியது ஒன்றைத்தான். வந்த புதிதில், அகதி விசாரணையில், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துப்பாக்கி பற்றிக் கேட்டபோது சொன்னது: "நான் துவக்கைத் தொட்டதே இல்லை." அது உண்மை. உண்மையாக இருந்தும் நம்பினார்கள் என்பதுதான் அதிசயம்.

அந்த ஒற்றை வசனத்தின் மேல்தான் விசா, கல்யாணம், குடியுரிமை, டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்துச் சிற்றூரில் ஒரு வீடு, உருளைக்கிழங்குச் சலாது செய்யும் தொழிற்சாலையில் நிரந்தர வேலை என்று எல்லாவற்றையும் கட்டி எழுப்பியிருந்தார். ஐம்பத்தெட்டு வயதில் அந்த அத்திவாரத்தை ஆட்ட வந்தவர் அவருடைய சம்பந்தி.

சம்பந்தியின் பெயர் ஹேர்பேர்ட். மகள் தக்சாயினி கட்டப்போகிற பையனின் தகப்பன். ஊர்ச் சுடுவோர் சங்கத்தின் தலைவர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இந்தச் சங்கத்தார் வருடத்தில் ஒருமுறை பச்சைச் சீருடை போட்டு, தொப்பியில் இறகு செருகி, வாத்தியத்தோடு ஊர்வலம் போய், கம்பத்தில் ஏற்றிய மரப்பறவையைச் சுட்டு விழுத்துவார்கள். விழுத்தியவர் அந்த வருடத்து ராசா. ஹேர்பேர்ட்டும் ஒரு வருடம் ராசாவாக இருந்தவர். மற்ற நாட்களில் அதே ராசா மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று உங்கள் கண்ணைச் சோதிப்பார்.

நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் ஹேர்பேர்ட்டுக்கு வேட்டி சால்வை கொடுத்தார்கள். அவர் அதை அந்த இடத்திலேயே காற்சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு மாலைவரை திரிந்தார். பதிலுக்கு அவர் நீட்டிய உறைக்குள் ஓர் அன்பளிப்பு அட்டை இருந்தது: மூன்று நாள் கராபீனர் பயிற்சி. கராபீனர் என்பது குழல் கட்டையான ஒருவகைத் துவக்கு. கதிர்காமநாதன் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் விளக்கம் ஏதும் இல்லை. ஹேர்பேர்ட் கண்ணைச் சிமிட்டினார். அதற்கும் விளக்கம் இல்லை.

வேண்டாம் என்று சொல்லலாமா என்று மனைவி கமலநாயகியிடம் கேட்டார். அந்த மனுசன் வேட்டி கட்டினதுக்குப் பிறகு நீங்கள் எந்த முகத்தோடு மறுக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். மறுத்தால் சம்பந்தி குறை நினைப்பார். போனால் வசனம் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் ஒரு கிழமை நித்திரையில்லாமல் இருந்துவிட்டு இன்னாசித்தம்பி அண்ணையிடம் போனார். மன்னார்க்காரர். அகதி முகாமில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்து இவருக்கு ஆலோசனை சொல்கிறவர். ஒன்றாவது சரிவந்ததாக நினைவில்லை. ஆனாலும் வேறு ஆள் கிடையாது.

"தொட்டால்தானே தொட்டது? கையுறையைப் போட்டுக்கொண்டு போ," என்றார் இன்னாசித்தம்பி.

"அது தொடுறது இல்லையோ அண்ணை?"

"தொழிற்சாலையில கையுறையோடதானே சலாது பிசையிறாய். ஆராவது நீ சலாதைத் தொட்டனி எண்டு சொல்லியிருக்கினமே?"

கதிர்காமநாதனுக்கு இதில் எங்கோ பிழை இருப்பதாகப் பட்டது. எங்கே என்று பிடிபடவில்லை. நீல நிறக் கையுறைகளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனார்.

பயிற்சி கொடுத்தவர் உல்றிகே என்ற பெண்மணி. கிழமை நாட்களில் பல் வைத்தியருக்கு உதவியாள். பேசியதெல்லாம் ஜேர்மன்தான் என்றாலும், கதிர்காமநாதன் வீட்டில் வந்து சொல்லும்போது எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசினார்கள். முதல்நாள் ஒரு வெடியும் இல்லை, விதிகள் மட்டும். துவக்குக்குள் எப்போதும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும் என்பது முதல் விதி. இது அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். துவக்கின் மற்றப் பக்கத்தில் நின்று படித்தது. எந்த மனிதரையும் நோக்கிக் குழலைத் திருப்பக்கூடாது என்பது அடுத்த விதி. இதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்தினார். அப்படியென்றால் துவக்கை ஏன் செய்கிறார்கள் என்றும் கேட்டார். கடதாசியைச் சுட, என்றார் உல்றிகே பொறுமையாக.

பிறகு வெறும் துவக்கை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். கதிர்காமநாதன் முதலில் கையுறைகளைப் போட்டார், விரல்விரலாக இழுத்துச் சரிசெய்தார், பிறகுதான் வாங்கினார். உல்றிகே பல் ஆஸ்பத்திரியில் நாள்தோறும் கையுறை பார்ப்பவர். இவ்வளவு அக்கறையோடு போடுகிற ஆளைப் பார்த்ததில்லை. புருவம் உயர்ந்தது.

இரண்டாம் நாள் சுட்டார்கள். காதுக்கவசமும் கண்ணாடியும் மாட்டி வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற ஆசாமியின் துவக்கு வெடித்தது. அடுத்து நடந்ததை கதிர்காமநாதன் தீர்மானிக்கவில்லை. அவர் துவக்கை மேசையில் மெதுவாக வைத்தார்; விதி. மறுகணம் நிலத்தில் கிடந்தார். முழங்கைகளை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல், வாயைத் திறந்து, காதுக்கவசத்துக்கு மேலேயே இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு. செல் என்கிற பீரங்கிக் குண்டு விழுந்தால் நிலத்தின் அதிர்வு நெஞ்சில் அடிக்கும், வாய் மூடியிருந்தால் காதுச் சவ்வு கிழியும் என்று அவர் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முப்பது வருடச் சலாது அதை அழித்துவிடவில்லை.

உல்றிகே எல்லாரையும் நிறுத்தச் சொன்னார். சிரிக்கப்போகிறார்கள் என்று கதிர்காமநாதன் நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு கண் இமைப்பதற்குள், துவக்கைப் பாதுகாப்பாக வைத்துவிட்டுக் நிலத்தில் கிடைநிலைக்குப் போன ஒரு மனிதரை அவர்கள் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பயிற்சி எடுத்தனீங்கள்?" என்று உல்றிகே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வீட்டிலதான்," என்றார் கதிர்காமநாதன் எழும்பித் தூசியைத் தட்டியபடி. "அம்மாவுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலயும் சொல்லித் தந்தவை."

கையுறை, கிடை, குடும்பப் பயிற்சி. உல்றிகே மூன்றையும் கூட்டிப் பார்த்து, உடனே ஹேர்பேர்ட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

அன்று பின்னேரம் ஹேர்பேர்ட் வந்தார். வழக்கமாகச் சோபாவில் சரிந்து இருக்கிற மனிதர், நிமிர்ந்து விறைத்துப்போய் இருந்தார். கமலநாயகி வைத்த வடையை அனுமதி கேட்டு எடுத்தார். கடைசியில் அட்டையின் விளக்கம் வெளியே வந்தது. கல்யாண மண்டப வாசலில் சங்கத்தார் வெற்றுத் தோட்டாக்களால் மரியாதை வேட்டு வைப்பார்களாம். பெண்ணின் தகப்பன் முதல் ஆளாக நின்று முதல் வேட்டு வைப்பாராம். அதற்கு முறைப்படி பயிற்சி வேண்டுமென்றுதான் இந்த அன்பளிப்பு. இப்படிப்பட்ட ஆளுக்கு இது தேவையே இல்லை என்று முன்பே தெரியாமல் போய்விட்டதாம்.

அவர் போன பிறகு கமலநாயகி வடைத்தட்டை எடுத்தபடி சொன்னாள்:

"நீங்கள் சுட்டால் முதல் விழுறது நான்தான். கூறைச்சீலையோட."

மூன்றாம் நாள், சம்பந்தி சுடுவதைப் பார்க்க ஹேர்பேர்ட்டும் வந்து பின்னால் நின்றார். அன்று கிடந்து சுட வேண்டும். கதிர்காமநாதன் கிடந்தார், அதில் ஒரு குறையும் இல்லை. குண்டு ஏற்றினார். எதிரே கடதாசி. அதைச் சுட்டால் வசனம் போய்விடும். சுடாவிட்டால் பின்னால் நிற்கிற மனிதரின் முகம் போய்விடும். கையுறை இதில் ஒரு உதவியும் செய்யாது என்று இப்போது விளங்கியது. விரலை விசையிலிருந்து எடுத்தார். குண்டைக் கழற்றி, துவக்கைக் கீழே வைத்து, கையுறைகளையும் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தார். எழும்பவில்லை. படுத்தபடியே தலையைத் திருப்பினார்.

"ஹேர்பேர்ட், நேற்று நான் படுத்தது சுடுறவை படிக்கிறது இல்லை. சுடுபடுற ஆக்கள் படிக்கிறது."

ஹேர்பேர்ட்டுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. மரப்பறவை தவிர வேறொன்றையும் சுடாத மனிதர். மரப்பறவை ஒருநாளும் படுத்தது கிடையாது. பிறகு அவரும் வந்து பக்கத்தில், கொங்கிரீட் தரையில், பெருமூச்சோடு குந்தினார்.

"உங்கட பக்கத்தால எத்தினை பேர் கல்யாணத்துக்கு?"

"நூற்றி எண்பது."

"அதில உப்பிடிப் படுக்கத் தெரிஞ்சவை?"

"நாற்பது வயசு தாண்டின எல்லாரும்."

பட்டுச் சேலையில் அத்தனை பேர் மண்டப வாசலில் கிடக்கிற காட்சியை ஹேர்பேர்ட் மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். வேட்டு வேண்டாம் என்றார் கடைசியில். ஆனால் தன்னுடைய ஆட்கள் சீருடையைத் தோய்த்து அயர்ன் பண்ணி வைத்துவிட்டார்களே, அவர்களை என்ன செய்வது என்று கவலைப்பட்டார். கதிர்காமநாதன் வாயில் வந்ததைச் சொன்னார்.

"தேங்காய் அடிக்கட்டும்."

அப்படித்தான் அந்தக் கல்யாண மண்டப வாசலில், பச்சைச் சீருடையில், தொப்பி இறகு காற்றில் ஆட, சுடுவோர் சங்கத்தார் ஆளுக்கொரு தேங்காயோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒரு பெரிய கல். ஐயர் இது எந்த ஆகமத்தில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தார். இன்னாசித்தம்பி அண்ணை இது தன் யோசனைதான் என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எப்படிப் பிடிப்பது என்று ஹேர்பேர்ட் கேட்டார். உள்ளுக்குள் தண்ணீர் இருப்பதாகவே எப்போதும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் கதிர்காமநாதன்.

கட்டளை பிறந்தது. தேங்காய்கள் பறந்தன. பெருஞ்சத்தம். கதிர்காமநாதன் முதலில் தன் பக்கத்து ஆட்களைத்தான் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் படுக்கவில்லை. கமலநாயகி நின்றபடி கைதட்டினாள்.

ஒரேயொரு தேங்காய் மட்டும் கல்லில் படாமல், உடையாமல், உருண்டு வந்து கதிர்காமநாதனின் காலடியில் நின்றது. ஹேர்பேர்ட்டினுடையது. முன்னாள் ராசாவின் கழுத்து சிவந்துபோனது. கதிர்காமநாதன் குனிந்து, வெறுங்கையால் எடுத்து, நின்ற இடத்திலிருந்தே எறிந்தார். கல்லின் நட்டநடுவில் பட்டு இரண்டாகப் பிளந்தது.

விருந்துக்கு வந்திருந்த உல்றிகே மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"இது எங்க படிச்சனீங்கள்?"

"வீட்டிலதான்," என்றார் கதிர்காமநாதன். "அம்மாவுக்கும் தெரியும்."