ரோசலின் சொன்ன சராசரி

மாதனூர் நிறுத்தத்தில் அன்று கம்பெனி பஸ் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றது. ரோசலின் ஏறவில்லை. அவளுடைய தம்பி மட்டும் படியருகே வந்து, "அக்கா காலையில போய்ட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, அவ்ளோதான்" என்றான். பஸ்ஸில் நாம் எல்லோரும் இருந்தோம்.

ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் நம் லைனில் அவளுக்குத்தான் கை வேகம். எனக்கோ மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனபிறகு வேகமே போய்விட்டது. ஒரு நாள் சூப்பர்வைசர் போர்டில் "சராசரி: மணிக்கு இருபது ஜோடி" என்று எழுதி, அதற்குக் கீழே போகிறவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். சாப்பாட்டு நேரத்தில் நான் அழுதேன். ரோசலின் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டாள்: "நான் முப்பது தைக்கிறேன், நீ பத்து. கூட்டி ரெண்டால வகுத்தா இருபது. அந்த இருபதைத் தைச்சவ எங்கடி? காட்டு, பாக்கலாம்." அப்படி ஒருத்தி எங்கள் இருவரில் இல்லை. "ஜாஸ்தியும் கம்மியும் சேர்ந்து வர்றதுதான் சராசரி. அதை வச்சு ஒரு ஆளை அளக்கக் கூடாது."

அன்று முதல் மணிக்குப் பத்து ஜோடி அவள் டிரேயிலிருந்து என் டிரேக்கு வந்தது. உங்களில் சிலரும் பக்கத்து மிஷினுக்கு அப்படித்தான் கொடுத்தீர்கள். எல்லோர் பெயருக்கும் நேரே இருபது விழுந்தது. அங்கேதான் நாம் ஏமாந்தோம். "எல்லாருமே இருபது போடறீங்களே, அப்போ இருபத்திரண்டு தாராளமா வரும்" என்று சூப்பர்வைசர் ஏற்றிவிட்டார். என் குறையையும் சேர்த்து ரோசலின் முப்பத்துநான்கு தைக்க வேண்டியதாயிற்று. "இல்லாதவளை இருக்கான்னு நாமளே காட்டிட்டோம்டி" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. அதைப் பார்த்தும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். இதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் என் பெயருக்கு நேரே பத்து என்று எழுதினார்கள். "இன்னாம்மா ஆச்சு உனக்கு?" என்றார் சூப்பர்வைசர். "எப்பவும் பத்துதான் சார்" என்றேன். இந்த வாரக் கடைசி வரை எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார். போர்டில் இருபத்திரண்டு அப்படியே இருக்கிறது.

நேற்று மத்தியானம் உங்களில் யாரோ என் டிரேயில் நான்கு ஜோடி வைத்தீர்கள். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்துப் பின்னால் தள்ளிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ரோசலின் சொல்லிக்கொடுத்த கணக்கு மட்டும்தான் இனி என்னிடம் இருக்கிறது. அதன்படி நான் பத்து. அவள் வைத்ததை ஒரு நாளாவது இப்படித் தள்ளியிருக்கலாம்.