தவிட்டுக்கு வாங்கிய பெயர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய பலருக்கு, அட்டையில் உள்ள பெயர் அச்சுப்பிழையாகத் தோன்றலாம். பிழையில்லை; மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். லலிதா என்று நீங்கள் அறிந்த எங்கள் அக்காவுக்குப் பெற்றோர் இட்ட பெயர் குப்பம்மாள்.

அக்காவுக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் ஆண்டு நிறையும் முன்பே போய்விட்டன. நான்காவதாக அக்கா காலடிப்பேட்டையில் பிறந்தார். அப்படிப் பிறக்கும் பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். அயலார் ஒருவர் எடுத்து, பெற்றவளுக்கே தவிட்டுக்கு விற்பார். குப்பையில் கிடந்ததை எமன் தீண்டமாட்டான் என்று நம்பிக்கை. ஆனால் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் அப்போது பட்டணமே காலி. பிள்ளையை எடுக்கத் தெருவில் ஆளில்லை. அப்பா அலைந்து திரிந்து, தண்டையார்பேட்டைக் கிடங்கில் சாக்கு தைத்துக்கொண்டிருந்த பாத்திமா அம்மாளை அழைத்து வந்தார்.

"இந்தாம்மா, இது எம் புள்ள. ஒரு படி தவுட்டக் குடுத்துட்டு இட்டுக்கினு போ. நூறு வருசம் இருக்கும்" என்றாராம் அவர்.

அக்காவைப் பதினேழு வயதில் ராயபுரத்தில் கட்டிக்கொடுத்தோம். புகுந்த வீட்டில் லலிதா என்று மாற்றினார்கள். அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. வெள்ளிதோறும் பஸ் ஏறிப் போய், தெருமுனையிலிருந்தே "ஏ குப்பம்மா!" என்று கூவுவார்.

"இன்னா சம்மந்தி, தெருவே சிரிக்குது. மெதுவா கூப்புடக் கூடாதா?" என்பார் அக்காவின் மாமியார்.

"தெருவுக்கா கூவறேன்? கேக்க வேண்டியவன் ஒருத்தன் கீறான். அவன் காதுல உழட்டும்."

அக்கா முகம் சிவக்க ஓடிவருவார். ஒருநாளும் அம்மாவைத் தடுத்ததில்லை.

அம்மா காலமானபின் அப்படிக் கூப்பிட யாருமில்லை. நான் தம்பி, மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது எங்கள் வழக்கமில்லை.

சென்ற ஆண்டு மருத்துவமனையில், செவிலியர் "லலிதாம்மா" என்று எத்தனையோ முறை அழைத்தும் அக்கா கண் திறக்கவில்லை. நான் வார்டின் வாசலுக்குப் போய் நின்றேன். வாழ்நாளில் முதல்முறையாக, "ஏ குப்பம்மா!" என்று கூவினேன். எல்லாக் கட்டில்களும் திரும்பிப் பார்த்தன.

அக்கா கண் திறந்தார். "இன்னாடா, அம்மா வந்துட்ச்சா?"

"வந்துட்ச்சுக்கா."

அதுவே அக்காவின் கடைசிப் பேச்சு.

இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. யாரையேனும் விட்டிருந்தால் பொறுத்தருள்க. துக்க வீட்டுக்கு மூன்று வேளையும் சோறு அனுப்பிய பாத்திமா அம்மாளின் மக்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

அவர்கள் தாயார் நூறு என்றார். எண்பத்திரண்டுதான் ஆயிற்று. எப்படி எண்ணினாலும் பதினெட்டு குறைகிறது.