ரோசி அக்கா வீட்டு கேட்டுக்கு முன்னால்

செய்தி வந்தபோது நான் ஃபாக்டரியில் செக்கிங் டேபிளில் இருந்தேன். ரோசி அக்காவின் தம்பி பேசினார். "அக்கா போய்ட்டாங்கம்மா. காலைல தண்ணி புடிச்சிக்கினு இருந்தாங்களாம், அப்படியே சாஞ்சிட்டாங்க." எனக்கு உடனே அழுகை வரவில்லை. நாளைக்கு முகூர்த்த நாளாயிற்றே, சவப்பெட்டியை வெளியே எடுக்கும்போது எவன் கேட்டை மறித்து வண்டியை நிறுத்தியிருப்பானோ என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இது வினோதமாக இருக்காது.

ஆம்பூரில் ஷூ தைக்கும் லைனில் அவர் சூப்பர்வைசர். நான் அவருடைய லைனில் வேலைக்குச் சேர்ந்து பிறகு செக்கிங்குக்கு மாறியவள். இருவருக்கும் ஒரே தெரு. அவர் வீடு கட்டிக் குடிவந்த பிறகுதான் பக்கத்தில் கல்யாண மண்டபம் வந்தது. மண்டபத்தில் ஏசி உண்டு, நீரூற்று உண்டு, வண்டி நிறுத்த இடம் மட்டும் இல்லை. நல்ல நாள் என்றால் தெருவில் இருக்கும் எல்லார் வாசலும் அவர்களுடையதுதான்.

மற்ற வீடுகளுக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். அக்கா வீட்டில் அவர் கணவர் தேவராஜ் அண்ணன் இருந்தார். சர்க்கரையில் ஒரு கால் போய், பிறகு கிட்னியும் போய்விட்டது. வேலூருக்கு டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். அக்கா ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, வீல் சேரை அப்படியே ஏற்றப் பலகை செய்துகொண்டார். ஓட்டவும் தானே கற்றுக்கொண்டார். ஆம்னி காம்பவுண்டுக்குள் நிற்கும். கேட்டைத் திறந்தால் அது வெளியே வர வேண்டும். அக்கா இந்த ஊரிடம் கேட்டது இதை மட்டும்தான்.

'நோ பார்க்கிங்' போர்டு மாட்டிப் பார்த்தார். பைக்கை நிறுத்திவிட்டு அந்தப் போர்டின் மேலேயே ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் போனான் ஒருவன். எனக்கு வந்த கோபத்தில், டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாம் என்றேன். அக்கா சிரித்தார். "காத்தப் புடுங்கினா வண்டி எங்கடி போவும்? இங்கயேதான் கெடக்கும். நாம வெளிய போறது எப்படி?"

அவர் கண்டுபிடித்த வழி நம் தொழிலிலிருந்து வந்தது. தோலில் தையல் எங்கே வர வேண்டும் என்று குறிக்க நாம் சில்வர் பேனா வைத்திருப்போமே, ஷூ முடிந்ததும் துணியால் துடைத்தால் தடம் தெரியாமல் போய்விடும், அதேதான். மறித்து நிற்கும் வண்டியின் கண்ணாடியில் அழகான கையெழுத்தில் எழுதுவார்: 'உள்ளே நோயாளி இருக்கிறார். போன் செய்யுங்கள்.' கீழே தன் நம்பர். பலர் மன்னிப்புக் கேட்டு வண்டியை எடுத்தார்கள். அதற்கப்புறம் வந்தவர்கள் பாவம், அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புது ஜனம்.

ஒருமுறை ஒரு ஆள் எகிறினார். "கண்ணாடில எழுத நீ யாரு? பத்து நிமிஷத்துல எடுத்துடப் போறேன். இன்னா இப்போ?" நான் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். முந்தானையால் எழுத்தைத் துடைத்தபடியே சொன்னார்: "உங்க பத்து நிமிஷம்னா நில்லுங்க சார். இது எங்க வீட்டுக்காரரோட பத்து நிமிஷம்." அந்த ஆள் வண்டியை எடுத்தார்.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மண்டபத்துக்குள் போய் வண்டிக்காரரைத் தேடும்போது, அண்ணனின் உடம்பைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். "அவங்களுக்கு நல்ல நாளு. நம்ம பேஜார அங்க கொண்டும்போய்க் கொட்டக் கூடாது" என்பார். கண்ணாடியில் எழுதலாம், கல்யாண வீட்டுக்குள் நோயைப் பற்றிப் பேசக்கூடாது. அது அவர் வைத்துக்கொண்ட சட்டம்.

அந்தச் சட்டம்தான் அக்காவைக் கொன்றது என்று நான் நினைக்கிறேன். போன வருஷம் ஒரு டயாலிசிஸ் நாளன்று கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய கார் நின்றது. எழுதி வைத்தும் போன் வரவில்லை. அண்ணனை ஆம்னியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு அக்கா மண்டபத்துக்குள் போனார். பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கார் தானேம்மா? டிரைவரத் தேடச் சொல்லியிருக்கேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு சாப்பிடாம போனா எப்படி? உக்காரு." நம் ஊரில் கல்யாண வீட்டுக்குள் காலை வைத்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்கள். இலை விழுந்தது, பிரியாணி விழுந்தது, கத்தரிக்காய் விழுந்தது. எழுந்தால் அந்தப் பெரியம்மாவின் முகம் வாடும். டிரைவர் எங்கேயோ டீ குடிக்கப் போயிருந்தார்.

கார் நகர்ந்து, இவர்கள் வேலூர் போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் விடிந்ததும் மூச்சுத் திணறல். அட்மிட் செய்தார்கள். அவர் வீடு திரும்பவில்லை. இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தது, ஒரு நாள் தள்ளிப்போனதால் ஆனதில்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். ஆனால் அடக்கம் முடிந்து வந்து என்னிடம் சொன்னது வேறு. "அவரு உள்ள வேன்ல உக்காந்துக்கினு இருக்காருடி. நான் பந்தியில உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டேன்."

அதன் பிறகு இதே வாக்கியத்தை அவர் வேறு வேறு பேச்சுகளுக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார். லைனில் டார்கெட்டைப் பற்றிப் பேசும்போது சொல்வார். மாவு அரைக்கப் போகும்போது சொல்வார். நான் சமாதானம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

ஆம்னியை விற்றுவிட்டார். வெளியே எடுக்க வண்டியே இல்லாத அந்த கேட்டை மறித்து யாராவது நிறுத்தினால் அப்போதும் சில்வர் பேனாவோடு போவார். 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று மட்டும் எழுதுவார். "இப்ப எதுக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "வெறும் செவுருன்னு நெனச்சிக்கினு நிறுத்துறாங்க. உள்ள ஒருத்தி இருக்கான்னு தெரிய வேணாமா?" என்றார். தனியாக இருக்கும் ஒருத்தி அதை வேறு எப்படிச் சொல்வாள்?

அவரை எடுத்த நாளில் நான் பயந்ததுதான் நடந்தது. போதகர் ஜெபம் முடித்து, தம்பியும் மற்றவர்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறந்தால் குறுக்கே ஒரு வெள்ளைக் கார். பக்கவாட்டில் ஆள் போகலாம், பெட்டி போகாது. பெட்டியைத் திரும்பவும் காம்பவுண்டுக்குள் இறக்கி வைத்தார்கள். அண்ணனின் ஆம்னி நின்ற அதே இடம்.

நான் மண்டபத்துக்குள் போனேன். பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கும்பிட்டு, "வாங்கம்மா, மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் எதுன்னாலும் பேசலாம்" என்றார். நல்ல மனிதர். கல்யாண வீட்டில் சாவைப் பற்றிப் பேசினால் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அக்கா இருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பார். நான் பந்தி நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "சாவு வீட்லேர்ந்து வர்றேன். பெட்டிய வெளிய எடுக்க முடியல. வெள்ளைக் காரு யாருது?"

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருவர் சோற்றுக் கையோடு எழுந்து, இடது கையால் சாவியைத் தேடியபடி ஓடினார். நான் தெருவுக்கு வருவதற்குள் கார் நகர்ந்திருந்தது. பெரியவர் என் பின்னாலேயே வாசல் வரை வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "வந்ததுமே சொல்லக் கூடாதாம்மா? நாங்களும் மனுசங்கதானே" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு அக்காவும் சொல்லியிருந்தால் அந்தப் பெரியம்மாவும் ஓடியிருப்பார். இலையில் கை வைத்தவர்கள் எல்லாரும் எழுந்து ஓடியிருப்பார்கள்.

கல்லறையில் போதகர், ரோசியின் பொறுமையை நாம் எல்லாரும் எடுத்துக்கொள்வோம் என்றார். மன்னியுங்கள் அக்கா, அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் தம்பியிடம் கேட்டு சில்வர் பேனாவை எடுத்துக்கொண்டேன். அது என் கைப்பையில் இருக்கிறது. யார் வாசலை எந்த வண்டி மறித்தாலும் எழுதுகிறேன். போன் வராவிட்டால் மண்டபத்துக்குப் போய் இன்னாருக்கு இன்ன அவசரம் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். நான் உட்காருவதில்லை.