மேலே மட்டும் அடித்த மணி

எனக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். போன் எடுக்கிற வேலைக்கு வாய் இல்லாதவளையா உட்கார வைப்பார்கள்? சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி அது. வருகிற போனை எடுத்து டாக்டருக்கோ நர்சுக்கோ மாற்றிவிடுவது, அவசரம் என்றால் ஜீப் டிரைவரை எழுப்பி மலைக்கு அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை.

மலை மேலே, பஸ் நிற்கிற இடத்தையும் தாண்டிப் போனால் எங்கள் ஊர். அக்காவை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கே செல்போனுக்கு டவர் கிடையாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓர் அறை கட்டி, கூரையில் டிஷ் மாட்டி, உள்ளே ஒரு பெட்டியும் ஒரு போனும் வைத்திருந்தார்கள். மணி சரியாக அடிக்கும். எடுத்துப் பேசினால் பேச்சு துண்டு துண்டாகத்தான் கேட்கும், மழை பெய்தால் அதுவும் கேட்காது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்து அலுத்துப்போய் ஊர்க்காரர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இரண்டு முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிட்டால், ஜீப் மேலே வரவேண்டும். மறுபடியும் அதேபோல அடித்து வைத்தால், வேண்டாம், வராதே என்று அர்த்தம். பேச்சே தேவையில்லை. என் மேசையில் இரண்டு மணி அடித்து ஓய்ந்ததும் டிரைவர் சாவியை எடுத்துவிடுவார். எத்தனையோ பிரசவம், பாம்புக்கடி எல்லாம் அப்படித்தான் கீழே வந்து பிழைத்தன.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் போனையெல்லாம் இன்டர்நெட் போனாக மாற்றினார்கள். பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். என் மேசையில் திரை வைத்த கறுப்புப் போன் வந்து உட்கார்ந்தது. மலை மேல் இருக்கும் பெட்டியை மாற்ற வேண்டாம், பழையதோடும் இது ஒத்துப்போகும் என்றார். பேசிப் பார்த்தோம். அடேயப்பா, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச வேண்டியவர்கள் நான் எடுக்கும்வரை காத்திருந்து பேசினார்கள், ஜீப்புக்கு இரண்டு மணி அடிக்கிற அவசரம் எதுவும் அதற்குள் வரவில்லை, அதனால் ஒரு குறையும் கண்ணில் படவில்லை. ஊர்க்காரர்கள் எப்படிப் போன் செய்வார்கள் என்று அந்த மனிதர் கேட்கவும் இல்லை.

அக்காவுக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை தங்கவில்லை. நாள் நெருங்கியதும் கீழே வந்து என்னோடு இரு என்று தலையால் அடித்துக்கொண்டேன். சாமை அறுப்பு முடியட்டும் என்றாள். ஒரு மதியம், சாப்பிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கவே இல்லை. இதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். சாயங்காலம் பொழுது இறங்குகிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரே கூச்சல். போர்வையைக் கழியில் தூளியாகக் கட்டி அக்காவைத் தூக்கி வந்திருந்தார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்திருந்தது. அதற்கு உயிர் இருந்தது. அக்காவுக்கு இல்லை. தூளியிலிருந்து ரத்தம் சொட்டி வாசல் சிமெண்டில் கோடாக வந்திருந்தது.

மாமா, அக்கா புருஷன், என்னைப் பார்த்ததும் அத்தனை பேர் முன்னால் கேட்டார். "ஏன் புள்ள ஜீப்ப அனுப்புல?"

"போன் வர்லீங்களே மாமா!"

"ரெண்டு மணி அடிச்சுது. இந்தக் காதால கேட்டுட்டுத்தான் வெச்சேன். ஜீப்பு வரும் வரும்னு ரோட்டுல நின்னேன். இன்னொருக்கா அடிச்சா வேணாம்னு நெனச்சுக்குவீங்கன்னு அடிக்காம நின்னேன். நீ எங்க போயிருந்த?"

நான் எங்கேயும் போகவில்லை. யார் நம்புவார்கள்? காரியத்துக்கு வந்த சனமெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தது. பெற்ற அம்மாவே, "செத்த நேரம் கண்ணசந்துட்டியாடி?" என்று கேட்டாள். பிள்ளையைத் தூக்கப் போனேன், மாமா துணியோடு தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த மனிதர் பொய் சொல்கிறார், போன் அறைக்கே போயிருக்க மாட்டார் என்று நானும் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

நான் போட்ட சண்டை பொறுக்காமல்தான் இன்ஜினியரை மறுபடி வரவழைத்தார்கள். கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்துக் காட்டினார். அந்த மதியம் மலையிலிருந்து போன் வந்திருக்கிறது. மாமா பொய் சொல்லவில்லை.

"எரர் எதுவும் இல்ல மேடம். கூப்பிட்டவங்களே கட் பண்ணியிருக்காங்க. நார்மல்."

"என்னாங்க நார்மல்? என் அக்கா செத்துட்டாங்க!"

அவர் முகம் செத்துப்போயிற்று. மேசை மேல் ஒரு காகிதத்தில் படம் போட்டு, நிதானமாகச் சொன்னார். கூப்பிட்டதும் கீழே இருக்கும் புது மிஷின், 'கொஞ்சம் இரு, ஆளைத் தேடுகிறேன்' என்று மேலே ஒரு சேதி அனுப்புமாம். ஒவ்வொரு சேதிக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் பழைய பெட்டிக்குத் தெரியாது. தெரியாதது வந்தால் பிழை என்று போனை அறுத்துவிடாமல், அந்த நம்பர் வரிசையில் தனக்குத் தெரிந்த ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறதாம். பெட்டிக்குத் தெரிந்தது 'அங்கே மணி அடிக்கிறது' என்பது மட்டும். அதனால் கூப்பிட்டவர் காதில் தானே மணிச்சத்தம் போட்டுவிடும். என் மேசைப் போன் நிஜமாக அடிப்பதற்குள் மேலே மூன்று மணி அடித்து முடிந்துவிடும்.

"அப்ப விதி தப்புங்களா?"

"இல்ல மேடம். அந்த விதி இல்லன்னா பழைய பெட்டி எதுவுமே புதுசோட சேர்ந்து ஓடாது."

எல்லாம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. பெட்டி சரி, மிஷின் சரி, விதி சரி. அக்கா மட்டும் மண்ணுக்குள். யாரைப் பிடித்து உலுக்குவது? அதைச் சரிசெய்ய ஏதோ ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும் என்றார். மாற்றாதீர்கள், முதலில் மாமா பார்க்கட்டும் என்றேன்.

மறுநாள் மாமாவை வரச்சொல்லி என் நாற்காலியில் உட்கார வைத்து, போனைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் மலையேறினேன். போன் அறையில் டிரைவரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு நம்பரைப் போட்டேன். காதில் மணி அடித்தது. மறுபடி அடித்தது. வைத்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டு, இந்த முறை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமா எடுத்தார்.

"மாமா, இதுக்கு முந்தி அடிச்சுதுங்களா?"

"இல்ல புள்ள. இப்பத்தான் அடிக்குது."

"முந்தியே கூப்டு, ரெண்டு மணி கேட்டுட்டு வெச்சேன். டிரைவரும் காத வெச்சுக் கேட்டாருங்க."

என் பேர் சுத்தமாகிவிட்டது என்ற நினைப்பில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு மாமா கேட்டார்.

"அப்ப இன்னும் ரெண்டு மணி வெக்காம இருந்திருந்தன்னா, உனக்கு அடிச்சிருக்குமா?"

வாய் நீளமான நான் போனை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இன்ஜினியர் அதைச் சரிசெய்துவிட்டுப் போனார். இப்போது மேலே அடித்தால் இங்கேயும் அடிக்கிறது. மாமாதான் மாறிவிட்டார். பிள்ளைக்குச் சளி, காய்ச்சல் என்றால் அந்த அறைக்கு வந்து கூப்பிடுவார். நர்சிடம் மாற்றிவிடுவேன், மருந்து என்ன என்று கேட்டுக்கொள்வார், நர்ஸ் என்னிடம் திருப்பிவிடுவாள். அதற்குப் பிறகும் வைக்க மாட்டார்.

"பேசியாச்சுங்களே மாமா, வெச்சுடுங்க."

"நீ வெய்யி புள்ள. நான் வெக்க மாட்டேன்."

மடியில் பிள்ளை சிணுங்குவது கேட்கும். நான்தான் ஒவ்வொரு முறையும் வைக்கிறேன்.