பள்ளத்து வல்லாரை

டப்பாவின் மூடியைத் திறந்து வைத்திருந்தேன். கரும்பச்சையாக வல்லாரைத் துவையல். தோசைத் தட்டின் முன் மகள் உட்கார்ந்திருந்தாள்; அந்த வாரம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு தொடங்கவிருந்தது. “காலையில நான் போன் பண்ணுனதுக்கு அப்புறம் குடுங்க” என்று சொல்லித்தான் செக்கிங் அக்கா முந்தின நாள் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார். போன் வரவில்லை.

திருப்பூரில் நான் கணக்கு எழுதும் பனியன் கம்பெனியில், தைத்து வரும் துணிகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தார் அக்கா. கணவரோடு சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர். மகளுக்குப் படித்தது நிற்கவில்லை என்று நான் புலம்பியதைக் கேட்டு, ஒரு மதியம் சேறு காயாத ஒரு கொடியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். “ஏனுங்க்கா, எலிக்காதுக் கீரையும் இப்படித்தானே இருக்கும்?” என்றேன். “கணக்குல கெட்டி, கீரையில மக்கா இருக்கீகளே தாயி!” என்று சிரித்தார். பனியனை உள்புறம் திருப்பித் தையல் பார்ப்பதைப் போலவே கொடியைத் திருப்பிக் காட்டினார். தரையில் ஓடும் தண்டு, கணுவுக்குக் கணு வேர், அங்கிருந்தே நீளக் காம்போடு எழும் இலைகள், ஓரத்தில் சீரான வளைவுகள். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “ஊத்துத்தண்ணி தாயி. பங்குனியிலயும் வத்தல, பளிங்கு மாதிரி கெடக்கு.”

அவர் ஊர் வழக்கப்படி, கீரையைப் பறித்தவரே முதலில் சாப்பிட வேண்டும். ஒரு ராத்திரி பொறுத்துத்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பார்களாம்.

“ஆறுதும்மா” என்று மகள் தோசையைப் பிய்த்தபோது போன் அடித்தது. அக்காவின் கணவர். “ராத்திரியிலருந்து வாந்தி நிக்கலங்க, ஆஸ்பத்திரியில கெடக்கா. பாப்பாவுக்குக் குடுத்துறாதீகன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா.” டப்பாவை மூடினேன்.

கம்பெனிக்கு லீவு சொல்லப் போனபோது, அக்கா கீரை பறித்த இடத்தைப் பார்த்திருந்த வாட்ச்மேன் சொன்னார்: “கம்பெனிக்குப் பொறத்தால பள்ளத்துலீங்க. இந்த வெயில்ல அங்க ஏதுங்க ஊத்து? மேக்கால பட்டறையில ப்ளீச்சிங் போட்டுத் துணி வெளுத்த தண்ணிங்க அது. சாயத்தண்ணின்னாத்தான் கலராத் தெரியும், இது தெளிஞ்சுதானுங்க கெடக்கும்.” கண்மாய்க்கரையில் வளர்ந்தவருக்குக் கோடையில் நிற்கும் தெளிந்த தண்ணீர் என்றால் ஊற்றுதான்.

எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கட்டிலில் அக்கா சுருங்கிக் கிடந்தார். “பாப்பா?” என்றார். கொடுக்கவில்லை என்றேன். “எல சரியாத்தான் தாயி இருந்துச்சு” என்றார். ஆமாங்க்கா என்றேன். உடம்பு தேறியதும் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

இலை சரியாகத்தான் இருந்தது. இந்தப் பங்குனியிலும் பள்ளத்தில் அது செழித்துப் படர்ந்திருக்கிறது. மகள் இப்போது கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தினமும் மாலையில் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறேன். “சாம்பார் சாதம்மா, போதுமா?” என்று சலித்துக்கொள்வாள். மறுநாள் காலை அவள் குரலைக் கேட்கும்வரை எனக்கு அது போதுவதில்லை.