பாட்டே வராத ரிக்கார்டு

தேவசகாயம் மாஸ்டர் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிரார்த்தனைப் பாட்டு வாசிப்பார். சனிக்கிழமையானால் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், ஓர் ஓட்டலில் பியானோவில் ஜாஸ் வாசிப்பார். இருபது வருஷம் இப்படியே ஓடிய பிறகு, 1971இல் ஒரு கம்பெனி அவர் தனியாக வாசித்ததை எல்.பி. ரிக்கார்டாகப் போட்டது. பாடுகிறவர் இல்லை, தபேலா இல்லை; மாஸ்டரும் பியானோவும் மட்டும். போட்ட முந்நூறும் விற்றால் இன்னொன்று போடலாம் என்றார்கள். அந்த இன்னொன்றை மாஸ்டர் மனசுக்குள் வாசித்தே முடித்துவிட்டார்.

சென்னைப் பத்திரிகை நாலு வரி எழுதியது. விரல் சுத்தமாம், கூட நாலு வாத்தியம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமாம். தனியாக வாசித்த ரிக்கார்டுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுத முடியும்?

ஊரில் ஹயாத் பாஷாவின் ரேடியோ கடையில் பத்து வைத்தார்கள். மூன்று மாதத்தில் ஒன்று விற்றது. வாங்கியவர் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"பாய், தட்டு கெட்டுப்போச்சுபா. அரைமணி நேரமா டொய்ங் டொய்ங்னு வருது, பாடறவன் வரவே இல்ல."

கடைசியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இன்னொன்று கிடையாது. பத்தையும் எடுத்துப்போக மாஸ்டர் கடைக்கு வந்தார். உள்ளே அந்தத் திரும்பி வந்த தட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் தறி நெய்யும் வீரபத்திரன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"தினம் வந்து இதையே போடச் சொல்றான் மாஸ்டர்," என்றார் பாஷா. "என் கஷ்டம் அல்லாவுக்குத்தான் தெரியும்."

மாஸ்டர் பெஞ்சில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அவ்ளோ புடிச்சிருக்குதா, வீரபத்திரா?"

"புடிக்கறதா? இடது கை அடி லேட்டா வுழுது மாஸ்டர். ஒவ்வொரு வாட்டியும் அதே எடத்துல. தறியில இப்டி அடிச்சா பொடவை சல்லடையாப் பூடும். என்னிக்காவது சரியா வுழுதான்னு பாத்துக்கினு இருக்கறேன்."

"அது தப்பு இல்லய்யா! வேணும்னே தள்ளிப் போட்டது! அதான் ஜாஸ்!"

"வேணும்னேவா? எதுக்கு?"

மூன்று மாதத்தில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் மைக்செட் வாடகை பேச ஒரு கல்யாண வீட்டார் வந்துவிட, பாஷா தட்டை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டார். மாஸ்டர் விடவில்லை. கடையின் கண்ணாடி மேசைமேல் பத்து விரலாலும் வியர்க்க வியர்க்க வாசித்துக் காட்டினார்.

வீரபத்திரன் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டான்.

"இப்பவும் லேட்டுதான் மாஸ்டர்," என்றான். "எங்க, இன்னொரு வாட்டி அடிங்க."